காக்கையின் சாம்பல் கழுத்து

ஏப்ரல் 27

அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த ஓவியப் புத்தகத்தை இன்றுதான் பிரித்தேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்காக எழுதியது. ரேவன் என்னும் பெருங்காக்கையைப் படிப்படியாக வரையச் சொல்லித் தருகிறது. இரண்டடி நீளப் பறவை அது. தொண்டை இறகுகள் தாடியாகச் சிலிர்த்து நிற்கும், பறக்கும்போது வால் ஆப்பு வடிவத்தில் கூம்பும். இந்தியாவில் அதைப் பார்க்க ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துக்கோ இமயமலை உயரத்துக்கோ போக வேண்டும். தமிழ்நாட்டில் கிடையாது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். படத்தைப் பார்த்துப் படம் போட எனக்கு மனமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னராக இருந்த காலமெல்லாம் இன்னொருவர் போட்ட டிராயிங்கைப் பார்த்துத்தான் லேத்தில் வேலை ஓட்டினேன். இனி கண்ணெதிரில் இருப்பதைப் பார்த்துப் போட வேண்டும். வெங்கடாபுரத்தில் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குக் காலையில் தவறாமல் காக்கை வருகிறது. அது போதும்.

இன்று அமாவாசை. வீட்டுக்காரி இலையில் சோறு வைத்துக் கூப்பிட்டாள். வந்து எடுத்ததும் உள்ளே போய்விட்டாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான். காக்கை சோறு எடுத்ததா என்று பார்ப்போம், காக்கையைப் பார்க்க மாட்டோம். அதன் கண் என்ன நிறம் என்று கேட்டேன். "கருப்புதான், வேற என்ன?" என்றாள். மகன் சிவப்பு என்றான். சிவப்புக் கண் குயிலுக்கு. காக்கையின் கண் அடர்ந்த பழுப்பு. வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் சுவரருகே நின்றால் தெரிகிறது. நம் முன்னோர் வந்து உண்பதாக நம்பி அன்றாடம் சோறு வைக்கிற பறவையின் கண் நிறம் ஒரு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பது என்னை உறுத்துகிறது. வரைந்தால்தான் இது தீரும்.

மே 1

எஸ்டேட் முழுக்க விடுமுறை, தெருவில் லாரிச் சத்தம் இல்லை. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் 2பி, 6பி பென்சில்களும் ரப்பரும் கோடு போடாத நோட்டும் வாங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரி பூந்தமல்லியின் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேயர் ஆட்சிக் கால மருத்துவர் 1850-ல் தொடங்கியது. மாலையில் மாடிக்கு வந்து நோட்டைப் பார்த்தாள்.

"தாத்தா, மூக்குல ஆரம்பிக்காதீங்க. கண்ணுலயும் வேணாம். காக்கா தன்னோட வெயிட்ட எங்க வெச்சிருக்குன்னு மொதல்ல பாருங்க."

சுவரில் உட்கார்ந்த காக்கையைக் காட்டி விளக்கினாள். உடம்பு சாய்வான ஒரு முட்டை வடிவம். அதற்குள் நெடுக ஒரு நடுக்கோடு. முட்டையின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்கினால் அது பாதத்தில் போய் முடிய வேண்டும். முடியாவிட்டால் தாளில் இருக்கும் காக்கை முன்னால் விழுந்துவிடும். சென்டர் பிடிக்காமல் எந்த வேலையும் லேத்தில் ஓடாது. இதுவும் அதே சங்கதிதான் என்று மனதுக்குப் பட்டது. சோறு கொத்தக் குனியும்போது வால் ஏன் மேலே எழுகிறது என்பதும் அப்போது விளங்கியது. தலை முன்னால் போன அளவுக்கு வால் பின்னால் ஈடு கொடுக்கிறது.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடக்கம். பத்து மணிக்கே காக்கை வாயைப் பிளந்து நிற்கிறது. பறவைக்கு வியர்வை கிடையாது. வாய்வழியாக ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சென்னையின் மே மாதக் காக்கையைப் போடுகிறவர் அலகை மூடிப் போட்டால் அது மார்கழிக் காக்கை.

கால் வரைந்தேன். முட்டி பின்பக்கமாக மடிகிறது என்று எல்லோரும் நினைப்பது உண்மையில் கணுக்கால். முட்டி வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. விரல் மூன்று முன்னால், ஒன்று பின்னால்.

மே 9

இன்று முழுக்கக் கருப்போடுதான் இருந்தேன். இதை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

உருவத்தின் ஓரத்தை வரைந்து உள்ளே 6பி-யால் அடைத்தால் காக்கையின் நிழல் வருகிறது, காக்கை வருவதில்லை. ஏனென்றால் காலை வெயிலில் உட்கார்ந்த காக்கையில் கருப்பாக இருக்கும் இடம் மிகக் குறைவு. முதுகிலும் மடித்த இறக்கையின் தோள்பட்டையிலும் வெளிச்சம் பரந்து கிடக்கிறது. அங்கே கூர்ந்து பார்த்தால் ஊதா, கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் நீலம், வால் பக்கம் பச்சை ஓடுகிறது. இறக்கையின் நீள இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இடத்தில் ஒவ்வொன்றின் விளிம்பிலும் முடி அகல வெளிச்சக் கோடு. வயிறு நல்ல இருட்டாக இருக்கும் என்று நினைப்போம். எங்கள் மாடியில் சூடு தணிக்க வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறது. அந்த வெள்ளை கீழிருந்து வெளிச்சத்தை ஏற்றி வயிற்றைச் சாம்பலாக்கிவிடுகிறது. கரியிலும் கரி எது என்று தேடினால் மூன்றே இடம்: இறக்கை உடம்போடு சேரும் மடிப்பு, வாலின் அடி, கண்ணைச் சுற்றிய முகம்.

இறகுக்குள் இருக்கும் கருநிறம் மெலனின். அதன்மேல் கெரட்டின் படலம் மிக மெல்லியதாகப் படிந்திருக்கிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் ஒன்றோடொன்று சேர்ந்து ஊதாவையும் நீலத்தையும் எழுப்புகின்றன. லேத்தில் சூடேறிச் சுருண்டு விழும் இரும்புச் சுருளில் நீலம் ஏறுமே, அந்த நீலமும் இப்படித்தான், மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தால் வருவது. கையுறை போட்டுக்கொண்டு அள்ளிக் கொட்டிய அந்த நீலம் காக்கையின் முதுகில் இருந்திருக்கிறது.

எனவே வேலையின் வரிசை தலைகீழானது. முதலில் வெளிச்சம் இருக்கும் இடங்களைக் குறித்து அவற்றைத் தொடாமல் விட வேண்டும். பிறகு 2பி-யை லேசாகப் படுக்கவைத்து நடுத்தர நிழல், இறகு ஓடும் போக்கிலேயே. கடைசியில்தான் 6பி, அந்த மூன்று இடத்தில் மட்டும் அழுத்தமாக. விளிம்புக் கோடுகளை ரப்பரின் முனையைப் பிளேடால் சீவி எடுக்கலாம். வேர்வைக் கை தாளில் பட்டால் எல்லாம் இழுகும், அடியில் ஒரு துண்டுக் காகிதம் அவசியம்.

வெளிச்சம் நகர்ந்துவிடுகிறது. எட்டு மணிக்குப் பார்த்த காக்கை வேறு, எட்டரைக்குப் பார்ப்பது வேறு.

மே 10

மழை வரும் போலிருந்து வரவில்லை. வரையவும் இல்லை.

மே 14

கழுத்து. மாடிக்கு வருவது ஊர்க்காக்கை. நெற்றி, உச்சி, முகம், தொண்டை பளபளக்கும் கருப்பு. பிடரி, கழுத்து, மார்பு சாம்பல். பிறகு மறுபடி கருப்பு. நாம் கருப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பறவையின் உடம்பில் கணிசமான பகுதி சாம்பல்.

கருப்பும் சாம்பலும் கோடு கிழித்துப் பிரிவதில்லை. தொண்டைக் கருப்பு மார்பில் சிறுகச் சிறுகக் கரைகிறது. பிடரியில் மட்டும் கொஞ்சம் சட்டென்று மாறும். இந்த இரண்டு ஓரங்களையும் வெவ்வேறாகப் போட்டால் அது நம் ஊர்க்காக்கை என்று தூரத்திலிருந்தே தெரிகிறது.

அலகின் அடியில் இன்னொன்று. மூக்குத் துளையே கண்ணுக்குப் படாது. நெற்றியிலிருந்து முன்னோக்கிப் படிந்த மயிர் போன்ற இறகுகள் அலகின் அடிப்பகுதியை மூடியிருக்கின்றன. அலகு தலையில் ஒட்டவைத்ததாகத் தெரியாமல் தலையிலிருந்தே முளைத்ததாகத் தெரிவது இதனால்தான். மெல்லிய கோடுகள் சில போதும்.

மே 18

அண்டங்காக்கை எங்கள் தெருவுக்கு அதிகம் வராது. அம்பத்தூர் ஏரிப் பக்கம் பனைமரத்தில் கிடைத்தது. சாம்பலே இல்லை, முழுக்கக் கருப்பு. உடம்பு பெரிது, குரல் தடித்தது. முக்கியமாக அலகு: மேலலகு வளைந்து எழுந்து, நெற்றி அதன்மேல் செங்குத்தாக நிற்கிறது. ஊர்க்காக்கையின் நெற்றி சரிவு. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டேன். நிழல் எதுவும் போடாமல், நெற்றியும் அலகும் சேரும் கோட்டை மட்டும். அந்த ஒரு கோட்டிலேயே எது எது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிவிட்டாள். எனக்கு நாளெல்லாம் சந்தோஷம்.

மே 21

ஆர்.கே. லக்ஷ்மண் நினைவு. 1921-ல் மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளி அவருக்கு இடம் தரவில்லை. கார்ட்டூன் போட்டே நாடறிந்தவர். ஆனால் வாழ்நாள் முழுக்க ஆசையோடு வரைந்தது காக்கையை. அரசியல்வாதிகளை அன்றாடம் போட வேண்டிய கட்டாயம் இருந்தது, காக்கையைப் போடச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்தப் படங்களில் காக்கையின் திமிரும் நடையும் அப்படியே இருக்கும்.

மா. கிருஷ்ணனையும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் மாதவையாவின் மகன், சென்னைக்காரர். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றி எழுதினார். தன் எழுத்துக்குத் தானே படமும் போட்டுக்கொள்வார். தமிழில் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். காட்டு யானைக்குக் கொடுத்த கவனத்தை வீட்டு வாசல் பறவைக்கும் கொடுத்தவர் அவர். பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பில் கிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையும் நடுவில் சூரியனும் தென்னைமரமும் போட்டுப் பழகுகிற பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தால் போதும், காக்கை இருக்கும்.

மே 26

மறுபடி அமாவாசை. முறைத்துப் பார்த்தால் காக்கை சோற்றை விட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது. நோட்டை மடியில் வைத்து, பக்கவாட்டில் ஓரக்கண்ணால் பார்த்தால் இருக்கிறது. மனித முகத்தை அது பிரித்தறியும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் 2006-ல் முகமூடி அணிந்து அந்நாட்டுக் காக்கைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டார். அந்த முகமூடியை யார் மாட்டிக்கொண்டு போனாலும் ஆண்டுக் கணக்கில் காக்கைகள் கத்தித் துரத்தின. எங்கள் மாடிக் காக்கைக்கும் இந்நேரம் என் முகம் மனப்பாடமாகியிருக்கும்.

இலையருகே இன்று வந்த ஒன்று உண்மையில் குயில் குஞ்சு. காக்கை அதற்குச் சோறூட்டியது. குஞ்சின் வாலை மட்டும் வேகமாகக் குறித்துக்கொண்டேன், காக்கையினுடையதைவிட நீளம்.

ஜூன் 2

நேற்றைய காற்றில் தெருமுனை வேம்பிலிருந்து காலிக் கூடு ஒன்று விழுந்து கிடந்தது. எடுத்து வந்து மேசையில் வைத்து வரைந்தேன். வெளிச்சுற்று பாதிக்கு மேல் கம்பி. பைண்டிங் ஒயர், வளைந்த வெல்டிங் ராடு, அலுமினியக் கீற்று. எஸ்டேட் ஸ்கிராப் எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் தேங்காய் நார் மெத்தென்று. ஒயரின் நுனிகளை வெளிப்பக்கம் தள்ளி, உள்ளே முட்டைக்கு இடைஞ்சல் இல்லாமல் பின்னியிருக்கிறது. கம்பியைக் குளிர வளைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். காக்கைக்கு இருப்பது அலகும் காலும்தான்.

கூட்டை வரைந்த பிறகு அலகைத் திரும்பப் போட்டேன். அதன் நுனி கவ்வுவதற்கு எப்படிச் சந்திக்கிறது என்பது இப்போது கோட்டில் வருகிறது.

ஜூன் 7

பறப்பதைப் போட வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் வயிறும் இறக்கை அடியும்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண், "ஸ்டேஷன் பிரிட்ஜ் மேல போய் நில்லுங்க தாத்தா" என்றாள். அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்கு நின்றேன். கூடடையப் போகும் காக்கைகள் தண்டவாளத்தை ஒட்டித் தாழப் பறக்கின்றன, சில பாலத்துக்கும் கீழே. பறக்கும் காக்கையின் முதுகை முதன்முதலாகப் பார்த்தேன். சாம்பல் பிடரி ஒரு பட்டையாக இரண்டு இறக்கைக்கும் நடுவில் கிடக்கிறது. இறக்கை கீழே அடிக்கும்போது நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து மேல்நோக்கி வளைகின்றன, மேலே தூக்கும்போது மடிந்து ஒடுங்குகின்றன. நோட்டில் அடிக்கும் நிலை ஒன்று, தூக்கும் நிலை ஒன்று என்று சின்னச் சின்னதாகக் குறித்தேன். ஆவடி லோக்கல் வந்து கூட்டம் பாலத்தில் ஏறியதும் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன். ஒரு பையன் எட்டிப் பார்த்து, "காக்காவா சார் போடறீங்க? கழுத்துல கலர் விட்டுட்டீங்களே" என்றான். அது சாம்பல் என்று கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்திருந்ததைக் காட்டினேன். தன் ரயிலை விட்டுவிட்டுப் பார்த்தான். பென்சில் கேட்டான், கொடுத்தேன்.