ஸ்பிரிங்வேல் மண்டபமும் டிஜே அண்ணையின்ர வானும்

மெல்பேர்னில இருக்கிற ஆக்களுக்கு ஸ்பிரிங்வேலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரருக்காகக் கொஞ்சம் சொல்லுறன். பேக்கனம், கிரான்பர்ன் பக்கம் போற ரயில் நிற்கிற இடம். 2014க்கு முதல் ஸ்பிரிங்வேல் றோட்டில கேற் விழுந்தால் கார்கள் வரிசையில காயும். இப்ப தண்டவாளம் றோட்டுக்குக் கீழால போகுது. ஸ்டேஷனால மேல ஏறி வந்தால் வியட்நாம் கடைகள், பலாப்பழம், கரும்புச்சாறு, மீன் வாசம். 1970ல இங்க என்டர்பிரைஸ் எண்ட குடியேறிகள் விடுதியைத் திறந்தவை. வியட்நாம், கம்போடியாவில இருந்து வந்த கன குடும்பங்கள் முதல் படுத்தெழும்பின இடம் அதுதான். பிறகு எங்கட ஆக்களும் டண்டினோங், நோபிள் பார்க் எண்டு சுற்றிவரக் குடியேற, சாமத்திய வீடு, கலியாணம், பிறந்தநாள் எல்லாம் இந்தப் பக்கத்து மண்டபங்களிலதான்.

போன வருசம் அப்பாவுக்கு 70 வயசு. ஸ்பிரிங்வேலில ஒரு மண்டபம் எடுத்தம். டிஜேக்குக் காசு ஏன், ஃபோனில ஒரு பாட்டு வரிசை செய்து ஸ்பீக்கரில போட்டால் காணும் எண்டுதான் நான் நினைச்சன். மென்பொருள் வேலை செய்யிறவன்ர புத்தி அப்பிடித்தானே. மனிசி கேட்கேல்லை. எங்கட கலியாணத்துக்குப் பாட்டுப் போட்ட அண்ணையையே கூப்பிடச் சொன்னா.

அவர் ஃபோனில என்ன பாட்டு வேணும் எண்டு கேட்கேல்லை. மூண்டு கேள்விதான் கேட்டவர். "அப்பா எந்த ஊர்? எந்த வருசம் வெளிக்கிட்டவர்? ஆர் ஆர் வருகினம்?"

"உரும்பிராய். 95 இடப்பெயர்வோட வெளிக்கிட்டது" எண்டன். "அப்ப சரி" எண்டு வச்சிட்டார்.

அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கே சாமான் இறக்க உதவப் போனன். வான் கதவைத் திறந்தால் இரண்டு ஸ்பீக்கர், ஸ்டாண்ட், ஒரு கண்ட்ரோலர், மடிக்கணினி. அவ்வளவுதான். "இவ்வளவுதானோ அண்ணை?" எண்டு கேட்கச் சிரிச்சார்.

அவர் 80களின் கடைசியில வந்தவர். பகலில தொழிற்சாலை வேலை, சனிக்கிழமை பாட்டு. தொடக்கத்தில இரண்டு கசெட் டெக். சி-90 கசெட்டில ஒரு பக்கம் 45 நிமிசம். வேண்டின பாட்டை உடனே பிடிக்க, டெக்கில இருக்கிற மூண்டு இலக்க எண்ணியைப் பார்த்து மட்டையில "147" எண்டு எழுதி வைப்பாராம். பிறகு கடனுக்கு வாங்கின டெக்னிக்ஸ் 1200 தட்டு இரண்டு. ஒவ்வொண்டும் 12 கிலோவுக்கு மேல. வெள்ளைக்காரக் கலியாணங்களுக்கு அது வேணும். ஆனால் எங்கட பாட்டுகள் பெரும்பாலும் கசெட்டிலதான் வந்தது. சீடி வந்து கைச்சுமையைக் குறைச்சது. 2004ல நியூசிலாந்து செராட்டோ நிறுவனத்தின்ர மென்பொருள் வந்தபிறகு பாட்டெல்லாம் மடிக்கணினிக்குள்ள போச்சு. "பெட்டி சின்னனாக, முதுகு நோ குறைஞ்சது தம்பி. சம்பளமும் குறைஞ்சது. எல்லாரிட்டயும் பாட்டு இருக்கெண்டால் என்னை ஏன் கூப்பிடுவினம்?"

நானும் அதைத்தானே நினைச்சனான். பேசாமல் வயரைப் பிடிச்சுக் கொடுத்தன்.

மடிக்கணினியை விரிச்சவுடன எனக்கு ஆர்வம் வந்திட்டுது. மென்பொருள் ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிசத்துக்கு எத்தனை தட்டு எண்டு கணக்குப் போட்டு, இரண்டு பாட்டைத் தானாப் பொருத்தும். ஆனால் 80களில ஆக்கள் இருந்து வாசிச்ச பாட்டுகளில வேகம் ஒரே சீராக இராது, மெல்ல ஏறி இறங்கும். அங்க கணக்கு பிசகும், கைதான் வேணும். அதைவிட, பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில குறிப்பு எழுதுற ஒரு கட்டம் இருக்கு. அதுக்குள்ள அவர் எழுதி வச்சிருந்தது இதுகள்: "இணுவில் ஆக்கள் எழும்புவினம்." "சாப்பாட்டுக்கு முதல் போடாதை." "ரீச்சர் அழுவா, கவனம்." "90-95 யாழ்ப்பாணம்."

இந்தக் குறிப்புகள் எந்தப் பாட்டுச் செயலியிலயும் கிடையாது.

இரவு பிள்ளையள் ஆடிச்சினம், பிறகு பைலாவுக்குப் பெரியாக்கள். அப்பா வழமைபோலக் கதிரையில. பத்து மணியளவில அண்ணை ஒரு பழைய பாட்டைப் போட்டார். கசெட்டில இருந்து கணினிக்கு ஏத்தினது, பின்னால "ஸ்ஸ்" எண்ட இரைச்சலோட. அப்பா எழும்பி என்ர மகனிட்டப் போனார். முன்னால கையை நீட்டி, எதையோ சுத்திற மாதிரிக் காட்டினார்.

எனக்கு விளங்கிச்சுது. 90க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவில வயரைக் கொழுவி, பெடலைக் கையால சுத்தினால்தான் பாட்டு. சுத்திறது என்ர வேலை. கை சோர்ந்தால் பாடகரின்ர குரலும் சோர்ந்து இழுபடும். "சுத்தடா!" எண்டுவார் அப்பா. டிஜேமார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானை நான் ஐஞ்சு வயசிலயே பாவிச்சிருக்கிறன்.

ஊர்க் கதை கேட்டால் "அதை விடு" எண்டுற மனுசன், அண்டைக்குப் பேரனுக்கு அரை மணித்தியாலம் சொன்னார். மகன் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில கேட்டான்: "உண்மையா நீங்களா சுத்தினீங்கள்?"

சாமான் ஏத்தேக்க அண்ணை சொன்னார், அடுத்த வருசத்தோட விடப்போறாராம். முழங்கால் ஏலாதாம். பிள்ளையளுக்கு இதில விருப்பமில்லை. ஆக்கள் ஊரால கொண்டுவந்த கசெட்டுகளில இருந்து ஏத்தின பாட்டெல்லாம் ஒரேயொரு டிஸ்கில. எங்கட தொழிலில ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஒண்டும் இல்லாததுக்குச் சமன். அடுத்த ஞாயிறு போய் இரண்டு பிரதி எடுத்துக் குடுத்தன், குறிப்புக் கட்டங்களோட சேர்த்து.

ஆனால் உங்கட அப்பா அம்மாவின்ர குறிப்பு அந்த டிஸ்கில இல்லை. அதை நீங்கள்தான் எழுதவேணும். இந்தக் கிழமை ஃபோன் எடுக்கேக்க கேட்டுப் பாருங்கோ: எந்த ஊர், எந்த வருசம், அப்ப என்ன பாட்டு, எதில கேட்டனீங்கள்? பிள்ளையளையும் பக்கத்தில இருத்துங்கோ.