துடிப்பு நின்ற பிறகு

பிளியோமைசின் என்ற புற்று மருந்தைச் சிரை வழியாக ஏற்றியதும் எட்டு நிமிடம் காத்திருப்போம். மருந்து இரத்தத்தோடு போய்க் கட்டிக்குள் பரவ அந்த நேரம் வேண்டும். அடுத்த இருபது நிமிடத்துக்குள் தோலிலுள்ள கட்டிகளுக்கெல்லாம் மின்துடிப்பு கொடுத்துவிட வேண்டும். ஊசி மின்முனைகளைக் குத்தி மிதியை அழுத்தினால், 100 மைக்ரோ விநாடி நீளும் துடிப்புகள் எட்டு. சதை ஒருமுறை துள்ளும். அதற்குள் செல்லின் சவ்வு துளைபட்டு, வாசலில் நின்ற மருந்து உள்ளே போய் டி.என்.ஏ.வை வெட்டத் தொடங்கிவிடும்.

எலக்ட்ரோகீமோதெரபி பழக வரும் இளம் மருத்துவர்கள் கதை இத்தோடு முடிந்ததாகவே நினைக்கிறார்கள். கட்டியை அடியோடு தீர்ப்பது பெரும்பாலும் நாம் போன பிறகு வரும் வெள்ளையணுக்கள்தான் என்பது என் எண்ணம்.

சும்மா சொல்லவில்லை. பிரான்சின் குஸ்தாவ் ரூசி நிறுவனத்தில் லூயி மீர் 1980களின் கடைசியில் தொடங்கிய இந்தச் சிகிச்சையை, லியுப்லியானாவில் கிரேகோர் செர்ஷா குழுவினர் இருவகை எலிகளில் செய்து பார்த்து 1997இல் வெளியிட்டார்கள். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் துடிப்பும் இரண்டுக்கும் ஒன்றே. நல்ல எதிர்ப்புச் சக்தியுள்ள எலிகளில் பல முழுதாகக் குணமாயின. டி-செல் என்ற வெள்ளையணு இல்லாத எலிகளிலும் கட்டி சுருங்கத்தான் செய்தது. ஆனால் திரும்பவும் வளர்ந்துவிட்டது.

காரணம் செல் சாகும் விதத்தில் இருக்கிறது. எலியின் குடல் புற்றுச் செல்களில் பிளியோமைசினோடு துடிப்பு கொடுத்தபோது, உள்ளே இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் சவ்வின் மேலே வந்து நின்றது, ஏ.டி.பி.யும் எச்.எம்.ஜி.பி.1 என்ற புரதமும் வெளியே கசிந்தன. ஊரைக் கூட்டிவிட்டுச் சாகிறது அந்தச் செல். டென்ட்ரிடிக் செல்கள் வந்து அதன் மிச்சத்தை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், டி-செல்களுக்கு அடையாளம் காட்டும்.

இது புரிந்தபின் என் கை கொஞ்சம் மாறிற்று. கட்டியைக் கருக்க வேண்டும் என்ற அவசரம் போய்விட்டது. கருகிய சதையில் புரதமும் வெந்துவிடும். துடிப்பு அதை அப்படியே விட்டுவைக்கிறது. சிகிச்சைக்குப் பின் வரும் சிவப்பையும் வீக்கத்தையும் கண்டு பதறி ஸ்டீராய்டு எழுதுவதில்லை. பொருக்கு உதிர வாரக்கணக்காகும், பிய்க்க விடுவதில்லை. பிளியோமைசின் எலும்பு மஜ்ஜையை அதிகம் வாட்டாத மருந்து என்பதும் நமக்கு வாய்த்த நன்மை. வரவேண்டிய அணுக்களை நாமே கொன்றுவிடுவதில்லை. (நுரையீரலுக்கு அது ஆகாது என்பதை மறக்கக் கூடாது.)

இதைக் ‘கட்டிக்குள்ளேயே போட்ட தடுப்பூசி’ என்று மாநாடுகளில் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை. துடிப்பு படாத கட்டி தானாகச் சுருங்குவதை மனிதர்களில் பார்ப்பது அரிது. துணைக்கு இன்னொன்று வேண்டும். 2008இல் அமெரிக்காவில் 24 மெலனோமா நோயாளிகளுக்கு மருந்துக்குப் பதில் இன்டர்லூக்கின்-12 மரபணுவைத் துடிப்போடு செலுத்தியதில், சிலருக்குத் தொடாத கட்டிகளும் மறைந்தன. டி-செல்களின் கடிவாளத்தை அவிழ்க்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளோடு எலக்ட்ரோகீமோதெரபியைச் சேர்ப்பதும் அதே நம்பிக்கையில்தான்.

ஆகவே, அந்த மருந்துகளை எழுதும் சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மற்றதெல்லாம் அடங்கி, தோலில் ஓரிரு கட்டிகள் மட்டும் முரண்டு பிடித்தால், மருந்தை நிறுத்துவதற்கு முன்பே அந்த நோயாளியை எங்களிடம் அனுப்புங்கள்.