தட்டைப் பக்கம்

உளியின் சரிவாகத் தீட்டிய முகத்தையே எல்லோரும் பார்ப்பார்கள். வேலையைத் தீர்மானிப்பது மறுபக்கம், தட்டைப் பக்கம். இதை நான் அறிந்தது 2005இல், ஒரு பிழை செய்த பிறகு.

2004 டிசம்பர் 26 கடற்கோள், நாவலடியில் மாமாவின் வீட்டோடு அவருடைய ஆயுதப் பெட்டியையும் கொண்டுபோயிற்று. கதவும் யன்னலும் செய்து பிழைத்தவர். கடை உளி அவருக்குப் பிடிக்காது. படுவான்கரைக் கொல்லர் ஒருவரிடம் அடிப்பித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

கொல்லர் பழைய லொறி வில்லுத்தகட்டைச் சிவக்கக் காய்ச்சி அடித்து நீட்டினார். உருவம் வந்ததும் மீண்டும் சிவக்கவிட்டுக் காற்றில் ஆறவைத்தார். அடி வாங்கிய இரும்பினுள் முறுக்கம் தங்கியிருக்கும், இளக்காவிட்டால் தோய்ச்சலில் வளையும் என்றார். பிறகு அரம். கண்ணாடித் துண்டில் விளக்குக்கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசி, உளியின் தட்டைப் பக்கத்தை அதில் உரசினார். மேடான இடத்தில் மட்டும் கரி ஒட்டிற்று. அங்கே அராவினார். மறுபடி கண்ணாடி, மறுபடி அரம். வாய்க்கருகே ஒரு மேடு அடங்கவேயில்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போர்நிறுத்தக் காலம். வாவியின் அந்தக் கரை புலிகளிடம், இந்தக் கரை இராணுவத்திடம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. ஊரில் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் இருட்டுமுன் கடந்தாக வேண்டும்.

"இது போதும் ஐயா, மிச்சத்தைக் கல்லில தேய்க்கலாம்."

"தோய்ச்சலுக்குப் பிறகு அரம் வழுக்கும் தம்பி."

நான் கேட்கவில்லை. காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் உளியைச் செங்குத்தாகத் தேங்காயெண்ணெயில் இறக்கினார். பின்னர் வைக்கோல் நிறம் படரும்வரை இளஞ்சூடு காட்டித் தந்தார்.

மாமா அதைப் பலகைமேல் தட்டைப் பக்கம் படிய வைத்து விரலால் தட்டினார். ஆடிற்று. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழமை கல்லில் தேய்த்தார். உளி தேய்ந்ததைவிடக் கல்லில் விழுந்த பள்ளமே பெரிது. பத்திரிகைக்காரனுக்குத் திருத்தம் போட மறுநாள் இதழ் இருக்கிறது; அந்தத் துணிச்சல்தான் எனக்கு.

உளியோடு மீண்டும் வாவியைக் கடந்தேன். கொல்லர் கடிந்துகொள்ளவில்லை. சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்தார். "நாளைக்கு வாங்க. மெதுவா ஆறினா மறுகா அரம் பிடிக்கும்."

மறுநாள் அரத்தை என் கையிலேயே தந்துவிட்டார். கண்ணாடியின் கரி சீராக ஒட்டுவதற்குள் பொழுது சாய்ந்தது. பாதை போய்விட்டிருந்தது. பட்டறைத் திண்ணையில் படுத்துக்கொண்டேன். தோய்ச்சல் காலையில்.

மாமா உளியை வாங்கிப் பலகைமேல் வைத்துத் தட்டினார். பிறகு உள்ளே திரும்பி, எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றச் சொன்னார்.