பூட்டில்லாப் பெட்டி

அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரில் வாழும் தமக்கை மகளின் இல்லத்தில் சென்ற ஆண்டு நாம் சில வாரங்கள் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை அவளுடைய பத்து வயது மகன், "சாமி தாத்தா, புதையல் தேடப் போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்டான். சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணியே உடன் சென்றோம். அங்கே கூடியிருந்த சங்கத்தாரில் பாதிப்பேர் நம்மிலும் மூத்தவர்கள்!

நகரின் தென்கிழக்கே பீவர்கிரீக் என்னும் சிற்றூர். அதற்கு அப்பால், நெடிதுயர்ந்த மரங்களுக்கிடையே ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. ஜியோகேச்சிங் என்னும் இவ்விளையாட்டு பிறந்த இடம் அதுவே. வானில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் நாம் நிற்குமிடத்தைக் காட்டித் தருகின்றன அல்லவா? பொதுமக்களுக்குக் கிடைத்த அக்குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் ஆணையால் அப்பிழை நீங்கிற்று. உடனே, மே 3ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை இங்கே பாதி புதைத்து வைத்து, அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் வெளியிட்டார். உள்ளே ஒரு குறிப்பேடு, புத்தகங்கள், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா! இன்றைய விதிப்படி நிலத்துக்குரியவர் இசைவின்றிப் பெட்டியைப் புதைத்தலும் ஆகாது. விலங்குகள் மோப்பம் பிடித்து வருமாதலால் உணவு வைத்தலும் ஆகாது. தொடங்கியவரே இரண்டையும் மீறினார் என்று சொல்லிச் சங்கத்தார் நகைத்தனர்.

பெட்டியைக் கண்டவர் ஏட்டில் பெயரெழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் ஈடான வேறொன்றை வைக்க வேண்டும். இருந்தவாறே மறைத்துவிட்டு வர வேண்டும். பூட்டுமில்லை, காவலுமில்லை.

காடு கெடாதிருக்கவும் இவர்கள் உழைக்கின்றனர். அன்று பிற்பகல் ஒரு பூங்காவில் ஐவிக் கொடிகளை அறுத்தனர். ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த அக்கொடி மரத்தில் ஏறிப் படர்ந்து, நாளடைவில் பாரத்தால் அதையே சாய்த்துவிடுமாம். நாமும் கையுறை அணிந்து இழுத்தோம். அரைமணியில் இடுப்பு பிடித்துக் கொண்டது.

உட்கார இடம் தேடியபோது, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தம் பெஞ்சில் இடம் தந்தார். அவ்வட்டாரத்தில் அவர் மனைவியார் மறைத்து வைத்த பெட்டிகள் ஒன்பது. அம்மையார் இறந்த பின், ஈரமேறிய ஏடுகளை மாற்ற இவரே சென்று வருகிறார். ஏட்டில் அம்மையாருக்கு நன்றி எழுதுவோர் பலருக்கு அவர் இல்லை என்பது தெரியாது, இவரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு பெட்டி மட்டும் செங்குத்தான சரிவில் இருக்கிறது, முழங்கால் இடங்கொடுக்கவில்லை. பேணுவாரற்ற பெட்டி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிடும். வேறொருவர் தத்தெடுக்கலாம், அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. நாம் ஆறுதலாக ஏதோ சொல்லப் போய், அது வெறும் பேச்சாகவே பட்டது, நிறுத்திக் கொண்டோம்.

மறுநாள் மாலை அவர் கீழே நின்று வழி சொல்ல, பேரன் சரிவில் ஏறினான். நாம் ஊரிலிருந்து கொண்டு சென்ற பம்பரத்தை உள்ளே வைத்துவிட்டு, ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொண்டான். பெட்டியை அவன் அரைகுறையாக மூடியது கண்டு கிழவர் குரல் கொடுத்தார்: "இன்னும் கொஞ்சம் மரப்பட்டை போடு, தம்பி. அவள் அப்படித்தான் வைப்பாள்."

அண்மையில் தமக்கை மகளிடமிருந்து செய்தி வந்தது. அப்பெட்டியைப் பேரனின் பொறுப்பில் விட்டுவிட்டாராம். அம்மையார் இட்ட பெயரை மாற்றலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. பம்பரத்தை யாரோ எடுத்துச் சென்றிருக்கின்றனர். ஈடாக ஒரு கிளிஞ்சலை வைத்துவிட்டு, அந்தக் கயிறு எதற்கு என்று ஏட்டில் எழுதிக் கேட்டிருக்கின்றனராம்.