சீர்காழியினின்று தஞ்சைக்கு ஒரு சைக்கிள் யாத்திரை

நாடு காண்பதற்கு உற்ற வாகனம் யாதென வினவுவார்க்கு, சைக்கிளே என்று தயங்காது விடையிறுப்போம். இரயில் வண்டி ஊருக்கு ஊர் நம்மைக் கொண்டுசேர்க்கும். இடையிலுள்ள நிலத்தைக் காட்டாது. நடந்து செல்வோமாயின் ஒரு வட்டத்தைக் கடப்பதற்குள் ஒரு பகல் கழிந்துபோம். சைக்கிளோ ஒரே நாளில் ஒரு நாட்டைக் கடப்பிப்பதுடன், அந்நாட்டின் ஏற்றத்தாழ்வுகளைக் கண் அறியுமுன்னரே கால் அறியுமாறு செய்கின்றது. இவ்வுண்மையை நாங்கள் மூவரும் ஓர் ஆனித் திங்களில், சீர்காழியினின்று தஞ்சை மாநகர் சென்ற நாளில் நன்குணர்ந்தோம்.

எங்கள் ஊர் திருஞானசம்பந்தர் அவதரித்த தலம். இராமநாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் வாழ்ந்த இடம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக அமர்ந்து நீதி வழங்கிய ஊர். இத்தனை பெருமையிருந்தும், காவிரி நீரைப் பொறுத்தவரையில் நாங்கள் கடைமடையார். 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை, இருப்பு போதுமான ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுதல் வழக்கம். அந்நீர் சில நாட்களில் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகின்றது. அதன்பின் எண்ணிறந்த கிளைகளிலும் வாய்க்கால்களிலும் புகுந்து, வழியிலுள்ளார் தாகமெல்லாம் தணித்து, எஞ்சியதே எங்கள்பால் வந்துசேரும். நாங்கள் புறப்பட்ட அவ்வாண்டு அணை உரிய நாளில் திறக்கப்பட்டிருந்தது. ஆயினும் எங்கள் கழுமலையாற்றில் அன்று ஒரு துளி நீரும் இல்லை.

விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். எங்கள் வண்டிகளுள் இரண்டு, பதினொன்றாம் வகுப்பில் அரசினர் வழங்கிய விலையில்லாச் சைக்கிள்கள். கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த முதிய விவசாயி ஒருவர், "எங்கே தம்பி, இந்நேரத்தில்?" என்றார். தஞ்சைக்கு என்றோம். "சைக்கிளிலேயா! நல்லது. போகிற வழியில் தண்ணீர் எதுவரைக்கும் வந்திருக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூறித் தம் நாற்றங்காலை நோக்கி நடந்தார். உல்லாசமாகப் புறப்பட்ட எங்களுக்கு இவ்வாறு ஓர் அலுவலும் கிடைத்தது.

சீர்காழிக்கும் தஞ்சைக்கும் இடையே ஏறத்தாழ 60 மைல் தூரம். சீர்காழி கடல்மட்டத்திற்குப் பத்து மீட்டரினும் குறைந்த உயரத்தில் உள்ளது. தஞ்சையோ ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மைலுக்கு மூன்று நான்கு அடி ஏற்றமென்பது கண்ணுக்குப் புலனாவதன்று; ஆயினும் காவிரி கடலை அடைதற்கு அச்சிறு சரிவே போதுமானதாயிருக்கின்றது. அதற்கு எதிர்முகமாக நாங்கள் ஏறிச் சென்றோம். போதாதற்கு மேல்காற்றும் முகத்தில் அறைந்தது. ஆகவே ஒருவர் முன்சென்று காற்றைத் தாங்க, மற்றையிருவரும் அவர்பின் நெருங்கிச் செல்வதென்றும், பத்து நிமிஷத்திற்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்வதென்றும் ஏற்பாடு செய்துகொண்டோம். முன்செல்வோன் படும் பாட்டைப் பின்செல்வோன் அறியான். தன் முறை வரும்போதே அறிவான்.

வைத்தீசுவரன் கோயிலில் பொழுது புலர்ந்தது. மயிலாடுதுறையை அடைந்தபோது காவிரிப் பாலத்தின்மேல் நின்று கீழே நோக்கினோம். ஐப்பசியில் ஆயிரக்கணக்கானோர் துலா நீராடும் அவ்வாறு, வெறும் மணற்பரப்பாய்க் கிடந்தது. சிற்றுண்டிச்சாலையில் எங்களை எவ்வூரார் என்று விசாரித்தவர்கள், அடுத்து வினவியது, "அங்கே தண்ணீர் எப்போது வரும் என்கிறார்கள்?" என்பதே. குத்தாலத்திலும் மணல் காய்ந்தே கிடந்தது, வினாவும் அதுவேயாயிருந்தது.

ஆடுதுறைக்கு அருகில் கருவேல முள்ளொன்று பின் சக்கரத்தில் தைத்துக் காற்று இறங்கிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் சென்று, பங்க்சர் ஒட்டும் கடையொன்றில் அமர்ந்தோம். 1922-இல் நிறுவப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தால் இவ்வூர் நாடறிந்தது; அங்கு உருவான நெல் வகைகள் இவ்வூர்ப் பெயரையே தாங்கி வயல்தோறும் விளைகின்றன. கடைக்காரப் பெரியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியவாறே, "சீர்காழியா? உங்கள் பக்கம் தண்ணீர் வந்துவிட்டதா?" என்றார். இல்லையென்றோம். "இங்கே நேற்று இராத்திரிதான் வந்தது. உங்களுக்கு இன்னும் நாலைந்து நாள் ஆகும், தம்பி" என்றார். தாம் வேறு யாருக்கோ உரியதை முன்னரே பெற்றுக்கொண்டவர்போல அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது.

நேற்றிரவு வந்த அந்நீரைக் காணாமற் செல்ல மனமில்லை. திருவிடைமருதூரில் சாலையைவிட்டு ஆற்றங்கரைக்குத் திரும்பினோம். கலங்கிய செந்நிறப் புதுப்புனல், முழங்கால் ஆழத்தில், சருகுகளையும் நுரையையும் சுமந்து சென்றுகொண்டிருந்தது. மாதர் சிலர் பூவும் நெல்லும் தூவி வணங்கினர். நாங்களும் இறங்கிக் கால் நனைத்தோம். அங்கிருந்தே ஊரிலுள்ள நண்பர் ஒருவருக்குக் கைபேசியில் செய்தி சொல்லி, அம்முதியவரிடம் தெரிவிக்கச் செய்தோம். "ஆடுதுறை தாண்டிவிட்டது" என்னும் இரண்டே சொற்கள். ஆனால் நாற்று விடலாமா, வேண்டாமா என்பதை ஒரு குடும்பம் அச்சொற்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

நிற்க. கணிதமேதை இராமாநுஜன் வளர்ந்த கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைக் கண்டு, உச்சிவெயிலுக்குத் தாராசுரத்தில் தங்கினோம். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த அக்கோயிலை 2004-இல் யுனெஸ்கோ நிறுவனத்தார் உலக மரபுச் சின்னமாக ஏற்றனர். வெயில் தணிந்தபின் பாபநாசம், அய்யம்பேட்டை வழியே சென்றோம். வழிநெடுக வாய்க்கால்கள் நிரம்பி ஓடின. நாற்றங்கால்கள் பசுமை பூத்திருந்தன. டிராக்டர்கள் சேற்றை உழுதன. இப்பகுதியில் வினாவும் மாறிவிட்டது. தண்ணீர் வந்ததா என்று கேட்பாரில்லை, "எத்தனை கன அடி விடுகிறார்களாம்?" என்றே கேட்டனர்.

மாலை ஆறு மணியளவில் தஞ்சை மாநகருள் புகுந்தோம். பேருந்துகளின் ஊதலும், மோட்டார் சைக்கிள்களின் நெரிசலும், விளக்கொளியும் எங்களைத் திகைப்பித்தன. நகரின் ஊடே, மக்கள் புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாய் இரு கரையும் தொட்டு ஓடிற்று. பாலத்தின்மேல் சென்ற பல்லாயிரவருள் ஒருவரும் அதனைத் திரும்பி நோக்கினாரில்லை. அன்றிரவு நாங்கள் அந்நகரில் பலரோடு உரையாடினோம். எங்கள் ஊர், படிப்பு, வண்டி, களைப்பு யாவற்றையும் அன்போடு விசாரித்தனர். காலை முதல் ஊர்தோறும் கேட்டுவந்த அவ்வொரு வினாவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இதனை அவர்கள்மீது குறையாகக் கூறவில்லை. ஓடுகின்ற தண்ணீரைப்பற்றி யார் வினவுவார்?

ஆயினும், 1010-இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் கற்சுவர்களில், எந்தெந்த ஊரார் எவ்வளவு நெல் அளக்கவேண்டும் என்று இராசராசன் பொறித்துவைத்திருப்பதை நினைவுகூர்ந்தோம். வயலில் நின்றவனின் நெல்லாலன்றோ அவ்விமானம் உயர்ந்தது! முன்னாளில் மாநகரம் இந்நதியின் கடைசியிலேயே இருந்தது. எங்கள் வட்டத்துப் பூம்புகாரே அது. கடல் கொண்ட அப்பட்டினத்தின் அருகில் வாழும் எங்களுக்கு நீர் வாராத ஆண்டும் துன்பம், மிகுந்த ஆண்டும் துன்பம். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பயிர்கள் நீருள் மூழ்கின. தலைமடையில் இறங்கும் நீரும் வடியுமிடம் தேடி எங்கள் நிலத்தின் வழியேதான் கடலுக்குச் செல்லவேண்டும்.

மறுநாள் காலை சிவகங்கைப் பூங்காவிலுள்ள சுவார்த்சு ஐயரின் ஆலயத்தைக் கண்டோம். 1750-இல் எங்கள் அண்டையிலுள்ள தரங்கம்பாடியில் கரையிறங்கிய அப்போதகர், 1778-இல் தஞ்சையில் நிலைத்து, 1798-இல் இங்கேயே உயிர்நீத்தார். அவரது மரணப்படுக்கையருகே சரபோசி மன்னர் நிற்பதாகப் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பி செதுக்கிய சலவைக்கல் இவ்வாலயத்தில் உள்ளது. 1780-களில் அரசாங்கத்தாரின் கொடுமை தாளாது தஞ்சைக் குடியானவர் பல்லாயிரவர் நிலத்தைவிட்டு ஓடிப்போயினர். நீதி செய்யப்படுமென்று சுவார்த்சு வாக்களித்த பின்னரே அவர்கள் திரும்பினர். ஒரே நாளில் 7,000 பேர் வந்தனரென்று கூறுவர். ஜூனில் தொடங்கவேண்டிய வேளாண்மை செப்டம்பரில்தான் தொடங்கலாயிற்று. எனினும் அவர் சொல்லின்பொருட்டு இரவும் பகலும் உழைத்து நிலத்தை விளைவித்தனர். அரசனின் ஆணைக்குப் பணியாதவர், தங்கள் நிலையைக் கேட்டறிந்த ஒருவரின் சொல்லுக்குப் பணிந்தனர்.

பிற்பகலில் சைக்கிள்களை இரயிலில் ஏற்றித் திரும்பினோம். முன்னாள் முழுதும் உழைத்துக் கடந்த தூரம் சில மணி நேரத்தில் சாளரத்தின் வழியே கழிந்தது. சரிவும் காற்றும் சிறிதும் புலப்படவில்லை.

மாணவ நண்பர்காள்! நம்முள் பலர் கல்வி முடிந்தபின் மாநகரங்களில் அலுவல் பார்ப்போம். சிலர் மதகுகளைத் திறக்கவும் மூடவும் ஆணையிடும் பதவியிலும் அமர்வோம். அதற்குமுன் ஒரு நாளேனும் கடைமடையினின்று தலைமடைக்கு, தண்ணீருக்கு எதிர்முகமாக, சைக்கிளேறிச் சென்று வாருங்கள். வழியில் உங்களை யாரேனும் தண்ணீர் வந்ததா என்று கேட்பார். அவருக்கு மெய்யான விடை சொல்லும் பொறுப்பு கற்றவர்க்கு உண்டு.