நின்ற வண்டியின் டயர்

டயர் வெடித்தது என்று சொன்னதும் கேட்டவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் குற்றம் சொன்னார்கள். 2022 மே மாதம், கத்திரி வெயில், உளுந்தூர்பேட்டையைக் கடந்த நான்குவழிச் சாலை, பகல் இரண்டு மணி. வெயிலின் மேல் பழிபோட எல்லா வசதியும் இருந்தது. நாங்களும் சில மணி நேரம் அப்படித்தான் நம்பினோம்.

அண்ணன் தம்பி இருவரும் முன்னால், அம்மா பின்னிருக்கையில். வண்டி அப்பாவுடையது. 2019இல் அவர் மறைந்தபின் தஞ்சாவூர் வீட்டுக் கொட்டகையில் உறைக்குள் நின்றிருந்தது. கிளம்புமுன் பேட்டரியும் எஞ்சின் ஆயிலும் மாற்றினோம். டயரைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்தோம். பட்டன் ஆழமாகவே இருந்தது. பத்தாண்டுகளில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி.

முதலில் பின்பக்கம் ஒரு தடதடப்பு. சாலை சரியில்லை என்று பேசிக்கொண்டோம். பிறகுதான் அந்தச் சத்தம். வண்டியின் பின்பகுதி மட்டும் வேறெங்கோ போக விரும்பியதுபோல் அலைந்தது. பிரேக்கை மிதிக்காமல் இருந்தது அறிவினால் அல்ல. பயத்தில் கால் அந்தப் பக்கம் நகரவே இல்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடி ஒரு சாண் இடைவெளியில் விலகிப் போயிற்று. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லை.

ஒரு குட்டியானைக்காரர் எங்களில் ஒருவரை ஸ்டெப்னியோடும் கிழிந்த டயரோடும் பஞ்சர் கடையில் சேர்த்தார். கடைக்காரர் டயரின் பக்கச்சுவரில் மயிரிழை போலப் பரவியிருந்த வெடிப்புகளை விரலால் தடவினார். "இது தேயல சார், கெட்டுப்போச்சு" என்றார். பக்கத்திலேயே பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 3211. 2011ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். அதுவரை அந்த எண்ணை நாங்கள் படித்ததில்லை.

ரப்பருக்குள் கலந்திருக்கும் மெழுகும் காப்புப் பொருள்களும், டயர் ஓடி வளைந்து நிமிரும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வந்து அதைக் காக்கின்றன. நின்ற டயருக்கு அந்தக் காப்பு குறைவு. ஆக்சிஜன் மெல்ல அதை இறுகச் செய்கிறது. காற்றும் வால்வு வழியாகவும் ரப்பரின் ஊடாகவும் கசிந்துகொண்டே இருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது; அந்த நசுங்கலே சூடு. சூட்டில் எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகிறது. நாங்கள் கேட்ட தடதடப்பு அதுதான். கோடையில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்கவேண்டும் என்று ஓட்டுநர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். அது நேர்மாறான வைத்தியம்.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. நடைப்பகுதி பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்தன; வெப்பமான தென்மாநிலங்களில்தான் அதிகம். டயரின் குறையா, வண்டிக்குப் பரிந்துரைத்த குறைந்த காற்றழுத்தமா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டின. எங்களுக்குச் சுட்ட யாரும் இல்லை.

ஸ்டெப்னியில் காற்றடித்து, விழுப்புரம் வரை ஊர்ந்து, ஐந்து டயர்களையும் மாற்றினோம். கடை வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மா அப்போதுதான் வாய்திறந்தாள். "வாரத்துக்கு ஒரு தடவ பிள்ளையார் கோயில் வரைக்குமாவது ஓட்டி வைங்கடான்னு சொன்னேனே." சொல்லியிருந்தாள். இரண்டு முறை, தொலைபேசியில்.

டேஷ்போர்டு அறையில் அப்பாவின் குறிப்பேடு இருந்தது. பெட்ரோல், ஆயில், காற்று என்று தேதிவாரியாக. கடைசி வரி 2019 ஜனவரி: "காற்று 30, ஸ்டெப்னி உள்பட." புதிய டயரின் எண்ணைக் குனிந்து படித்தோம். 0822. அதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிப் பேனாவை அம்மாவே கடைக்காரரிடம் கேட்டு வாங்கித் தந்தாள்.