பால் இல்லங்க, மிஸ்ஸி

ஜூலை 21, 2025, திங்கள்
இரவு டியூட்டி. இடுப்பு நிமிரவில்லை. தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை, சிசேரியன், மூன்றாம் நாள். "பால் இல்லங்க மிஸ்ஸி." அழக்கூட இல்லை. முடிவு செய்துவிட்ட குரல். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுக்கிறது. தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். வயிற்றோடு வயிறு சேர்த்து அணைக்கச் சொன்னேன். வாய் அகலத் திறந்த நேரம் பார்த்து மார்போடு சேர்த்தாள். தாடை முட்டியது. கீழுதடு வெளியே மடிந்தது. கொஞ்ச நேரத்தில் விழுங்குகிற சத்தம்.

அவள் காம்பில் ரத்தம். பார்த்ததும் எனக்குப் பல் கூசியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

ஜூலை 23
மகனுக்குச் சளி. சளி பிடித்தாலே அவனுக்குக் கொடுத்த அந்தப் பால்மா டின் ஞாபகம். ஒரு சளிக்கும் ஒரு டின்னுக்கும் அப்படி முடிச்சுப் போட முடியாது என்று படித்தவள்தான் நான். இருந்தும்.

ஜூலை 25
செப்டம்பரில் தாய்ப்பால் ஆலோசகர் பரீட்சை. 175 கேள்வி, எல்லாம் ஆங்கிலம். பத்துப் பக்கம் படித்தேன், எட்டு மறந்துவிட்டது. ஹார்மோன் பகுதி மட்டும் நிற்கிறது. சுரக்க வைக்கிறது ப்ரோலக்டின், இறங்க வைக்கிறது ஒக்சிடோசின். பயமும் வலியும் இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும். இதை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒருத்தி.

ஜூலை 28, ஆடிப்பூரம்
மாமி மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய் வளையல் கொண்டுவந்தார். "அடுத்தது பொம்பளப் பிள்ளையா இருக்கட்டும்." போட்டுக்கொண்டேன். பச்சை. கைக்கு நன்றாக இருக்கிறது.

மகன் பிறந்தபோது மாமி எவ்வளவு செய்தார். சுறாப் புட்டு, பூண்டு, பத்தியக் கறி. சாப்பிட்டுக்கொண்டே அழுவேன். மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் அடிக்கிறது, எல்லாரும் "பால் போதுமா, பால் போதுமா" என்கிறார்கள். பிள்ளையை நான் எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. மாமி மேல் கோபம் இல்லை.

இருக்கிறது. கொஞ்சம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி
தாய்ப்பால் வாரம். பேனர், விளக்கு, பேச்சு. 2016 கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டும். தாய்ப்பால் ஆதரவுக்கான 2020 உலகத் தரவரிசையில் இலங்கை முதலிடம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பெருமையாகத்தான் இருந்தது. மிச்சம் 18-ஐ யாரும் சொல்லவில்லை. என் மகனும் நானும் அந்தப் பக்கத்து ஆட்கள்.

பால்மா விற்பனைக்கு 1983-இலேயே விதி எழுதிய நாடு இது. எங்கள் வீட்டுக்கு அந்த டின் விளம்பரத்தால் வரவில்லை. இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் யாரும் இல்லாததால் வந்தது.

கண்டியில் கும்பல் பெரஹரா. கட்டுக்கலையோடு பஸ் நின்றுவிட்டது. மஹியாவ வரை நடை. கால் வீங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3
லீவு நாள். கலஹாப் பக்கம் குடும்பநல மிஸ்ஸியோடு போனேன். லயத்துக் கடைசி வீடு. மூன்று மாதப் பிள்ளை. தாய் நாளைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். "பால் இல்லங்க மிஸ்ஸி, டின் வாங்கியாச்சு." சட்டை முன்பக்கம் பாலில் நனைந்திருக்கிறது! காட்டினேன். சிரித்துவிட்டாள்.

பால் இருக்கிறது. நேரம்தான் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாலூட்டப் போகலாம் என்று சட்டம். அவள் நிற்கும் மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கி ஏறவே அரை மணி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், பாதி நாள் கூலிதான். முழுப் பேருக்கே இந்த வருடம் 1,350 ரூபாய். அவளிடம் நான் எந்த வாயால் பேசுவது?

கையால் பீய்ச்சக் காட்டிக் கொடுத்தேன். கருவட்டத்துக்குப் பின்னால் விரல் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு சேர்த்து. மூடின கோப்பை, நிழலான இடம், நாலு மணி நேரம் தாங்கும். காம்பரா ஆயம்மா கோப்பையாலேயே பருக்கலாம், புட்டி வேண்டாம். ஆயம்மாவும் வந்து பார்த்தார். அவர்தான் அவளைவிடக் கவனமாகக் கேட்டார்.

ஆகஸ்ட் 5
தெல்தோட்டைப் பிள்ளை கிளினிக்குக்கு வந்தாள். குழந்தை பிறந்த எடையைத் தாண்டிவிட்டது. காம்பு ஆறிவிட்டது. நன்றி எல்லாம் சொல்லவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். எனக்குச் சாயங்காலம் வரை பசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 6
பரீட்சை வேண்டாம். கட்டின காசு போனால் போகட்டும். ஒரு சான்றிதழை வைத்து என்ன செய்யப் போகிறேன்? இவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்." அந்தப் பதில் எரிச்சலாக இருந்தது.

இரவு பதினொன்றுக்கு மறுபடி புத்தகம். நாக்கு ஒட்டு, பக்கம் முழுவதும்.

ஆகஸ்ட் 8, போயா
இன்று ஒரு அம்மா. டவுன் பிள்ளை, படித்தவள். எல்லாம் சரியாகச் செய்கிறாள். பிடி சரி, இரவில்கூட விடவில்லை. இரண்டு வாரமாகியும் எடை ஏறவில்லை, ஒரு நாளைக்கு ஆறு தடவைகூட மூத்திரம் இல்லை. கர்ப்பத்தில் மார்பு மாறவே இல்லை என்றாள். அபூர்வம். ஆனால் இருக்கிறது. "பால் இல்லையா மிஸ்ஸி?" இந்த முறை கேள்வியாக.

இருக்கிறது, குறைவாக, என்றேன். முதலில் மார்பு, பிறகு டொக்டர் எழுதின அளவு மா, கோப்பையில். நானே சொன்னேன். தொண்டை அடைத்தது, குரல் உடையவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள், பச்சை வளையல் அவள் முடியில் சிக்கியது, எடுக்க நேரமானது. அவசரப்படவில்லை நாங்கள்.

எனக்கு இப்படி ஒருத்தி சொல்லியிருந்தால் டின்னைத் துணியால் மூடி வைத்திருக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 9
தூக்கம் வந்தது, நல்ல தூக்கம். நாளை பகல் டியூட்டி. ஐந்தாம் கட்டில் பிள்ளைக்கு மஞ்சள் கூடுகிறது, விளக்குக்குக் கீழே வைப்பார்கள் போல. பால் கொடுக்க நடுவில் எடுத்துத் தரச் சொல்லி டொக்டரிடம் ரவுண்டுக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். அந்த அம்மாவுக்குக் கட்டிலோரம் ஒரு நாற்காலியும்.